பல வாயில்களும் ஒரு வழியும்

கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையே என்று ஏங்குவது ஒரு துன்பம். பல கல்லூரிகளில் இடம் கிடைத்து, எதனைக் கொள்வது, எதனை விடுவது என்று தடுமாறுவது மற்றொரு துன்பம். முன்னது நம் மாவட்டத்துக்குப் பழகிப்போன ஒன்று. பின்னது அண்மையில் வந்து சேர்ந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரமே இதற்குச் சான்று. தருமபுரி 1965ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. சேர்வராயன் மலையடிவாரத்தில் கரும்பும் மஞ்சளும் விளைவித்து வாழ்ந்த உழவர் குடும்பங்களுக்கு அந்நாளில் கல்லூரி என்பது மஞ்சவாடிக் கணவாய்க்கு அப்பாலிருந்த ஒரு பொருள். இன்றோ நிலைமை வேறு. பாப்பிரெட்டிப்பட்டியிலேயே அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி உண்டு. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997ஆம் ஆண்டு தோன்றியது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008ஆம் ஆண்டும், செட்டிக்கரையில் அரசு பொறியியற் கல்லூரி 2013ஆம் ஆண்டும் தொடங்கப்பெற்றன. பொம்மிடியில் தொடர்வண்டி ஏறினால் ஒருபுறம் சேலம். மறுபுறம் ஜோலார்பேட்டை, அதனைக் கடந்தால் வாணியம்பாடி. 1919ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இஸ்லாமியாக் கல்லூரி அங்கே நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

ஆகவே, பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவரின் கையில் இரண்டு மூன்று சேர்க்கை அழைப்புகள் ஒருங்கே வந்து விழுவது இன்று அரிய செய்தியன்று. அழைப்பு வந்த அன்று இல்லத்தில் மகிழ்ச்சி. மறுநாள் குழப்பம். தமையன் ஒன்று சொல்கிறார். தாய்மாமன் வேறொன்று சொல்கிறார். அடுத்த வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தான் என்பது மூன்றாவது அளவுகோலாகிறது. இதற்கிடையே கட்டணம் செலுத்தும் இறுதி நாள் வந்துவிடுகிறது. சிலர் அச்சத்தில் ஏதோ ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். சிலர் ஒன்றில் சேர்ந்தும் மற்றொன்றை எண்ணியே முதலாண்டைக் கழிக்கின்றனர். இன்னும் சிலர், பெரும்பாலும் பெண்மக்கள், எல்லா இடங்களையும் இழந்து வீட்டிலேயே நின்றுவிடுகின்றனர். கிடைத்த கல்வி கைந்நழுவிப் போகும் இந்நிலையைத் தடுப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எண்ணுதல் வேறு, துணிதல் வேறு

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரத்தை வகுத்தார், அது 47ஆவது. வினைத்திட்பம் என மற்றோர் அதிகாரத்தை வகுத்தார், அது 67ஆவது. ஆராய்தலுக்கு ஓரிடம், உறுதிக்கு ஓரிடம். இரண்டையும் ஒன்றாகக் குழைக்காமல் தனித்தனியே வைத்த முறை நம் சிந்தனைக்குரியது.

கல்லூரித் தேர்விலும் இவ்விரண்டு வினைகளே உள்ளன. சேர்வதற்கு முன் ஆராய வேண்டும். சேர்ந்தபின் உறுதி கொள்ள வேண்டும். நம்மிற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். ஆராய வேண்டிய காலத்தில் பிறர் சொல்லை உறுதியாகப் பற்றுகின்றனர். உறுதி கொள்ள வேண்டிய காலத்தில் ஆராயத் தொடங்குகின்றனர். துன்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எதனை எடைபோடுவது?

எடுத்துக்காட்டுக்காக ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அரசுப் பள்ளியில் பயின்றவர். அவருக்கு மூன்று இடங்கள் கிடைத்துள்ளன. உள்ளூர் அரசுக் கல்லூரியில் இளங்கலைத் தமிழ், சேலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல், செட்டிக்கரையில் பொறியியல். அவர் ஒரு தாளில் நான்கு கோடுகள் இழுத்து, நான்கு வினாக்களுக்கு விடை எழுதட்டும்.

முதல் வினா பாடம் பற்றியது. மூன்றாண்டோ நான்காண்டோ நாள்தோறும் படிக்கப்போவது கல்லூரியின் பெயரையன்று, பாடத்தை. தேர்வு இல்லாத நாளிலும் விரும்பிப் படிக்கும் பாடம் எதுவோ அதற்கு முதல் மதிப்பு.

இரண்டாவது ஆசிரியரும் நூலகமும். அத்துறையில் நிலையான ஆசிரியர்கள் உள்ளனரா, ஆய்வுக்கூடம் இயங்குகின்றதா என்பதனை விளம்பரத்தாள் சொல்லாது. அங்கே இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் இருவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்றாவது தொலைவு. இதனைக் கிலோமீட்டரில் அளப்பதினும் மணியில் அளப்பதே பொருத்தம். போக ஒரு மணி, வர ஒரு மணி எனக் கொள்வோம். பருவத்துக்கு 90 வேலைநாள் என்றால் ஆண்டுக்கு 180 நாள். அப்படியானால் ஆண்டுக்கு 360 மணி, மூன்றாண்டில் 1,080 மணி பேருந்தில் கழியும். அந்நேரத்தை ஈடுசெய்யும் அளவுக்கு அக்கல்லூரி சிறந்ததா என்பதே வினா. சிறந்ததாயின் செல்லலாம்; அல்லது விடுதியை நாடலாம்.

நான்காவது செலவு. கல்விக் கட்டணம் ஒன்றை மட்டும் ஒப்பிட்டு ஏமாறுவோர் பலர். விடுதி, உணவு, பயணம், நூல்கள், தேர்வுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் படிப்பு முடியும் ஆண்டு வரை கூட்டிப் பார்க்க வேண்டும். அவ்வாறே உதவித்தொகைகளைக் கழித்தும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற மாணவியர்க்கு உயர்கல்விக் காலத்தில் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்கல்விகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என அவ்வாண்டே அறிவிக்கப்பெற்றது. ஆதலால், தொலைவிலுள்ள பொறியியற் கல்லூரி பக்கத்திலுள்ள தனியார் கல்லூரியைக் காட்டிலும் குறைந்த செலவில் முடிவதும் உண்டு. கணக்குப் போடாமல் இது விளங்காது.

பெயர் எவ்வளவு பெறும்?

பெரிய பெயருடைய கல்லூரியில் சேர்ந்தால்தான் வாழ்வு என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. இதனை அமெரிக்கப் பொருளியல் அறிஞர்களான ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகிய இருவரும் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியிட்டனர். 1976ஆம் ஆண்டு கல்லூரியில் சேர்ந்த மாணவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒரே வகையான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே வகையான விடைகளைப் பெற்றவர்களுள், பெரும்பெயர்க் கல்லூரியில் சேர்ந்தோரையும் அதனை விட்டுப் பெயர் குறைந்த கல்லூரியில் சேர்ந்தோரையும் ஒப்பிட்டனர். பிற்கால வருவாயில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஊக்கமும் திறமும் மாணவரோடு வருகின்றன. எங்கே சென்றாலும் அவை உடன் செல்கின்றன என்பது அதன் பொருள்.

ஆயின் அவ்வாய்வில் ஒரு விதிவிலக்கும் உண்டு. அது நமக்கு மிகவும் வேண்டியது. வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிறந்த கல்லூரியால் மெய்யான நன்மை விளைந்தது. 2014ஆம் ஆண்டு அவர்களே வெளியிட்ட மறு ஆய்வில், கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அத்தகைய நன்மை காணப்பட்டது. காரணத்தை உய்த்துணர்வது கடினமன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வழிகாட்டுவோர் வீட்டிலேயே உள்ளனர். முதல் தலைமுறை மாணவருக்கு அவ்வழிகாட்டுதல் கல்லூரியில்தான் கிடைக்க வேண்டும்.

அமெரிக்க நிலை வேறு, நம் நிலை வேறு என்பது உண்மையே. எனினும், “எங்கே படித்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான்” என்று ஏழைப் பிள்ளையிடம் சொல்லுவோர் சற்றே தயங்க வேண்டும். யாருக்கு வீட்டில் துணை குறைவோ, அவருக்கே தேர்வில் கவனம் மிகுதியாக வேண்டும்.

விருப்பப் பட்டியலில் உண்மை

தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கைக் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெறுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை வகுக்கப்பெறுகிறது. மாணவர் தம் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தருகிறார். தரவரிசையில் அவர் முறை வரும்போது, அப்பட்டியலில் மேலிருந்து கீழாக நோக்கி, எது காலியாக உள்ளதோ அது தற்காலிகமாக ஒதுக்கப்பெறுகிறது.

இங்கே பலர் ஒரு தவறான சூழ்ச்சி செய்கின்றனர். “முதலிடத்தில் பெரிய கல்லூரியை எழுதினால் கிடைக்காது, அதனால் அடுத்ததும் போய்விடும்” என்றஞ்சி, மெய்யாக விரும்புவதைக் கீழே தள்ளிவிடுகின்றனர். இவ்வச்சத்துக்கு இடமேயில்லை. மேலே எழுதியது கிடைக்காவிடில் அடுத்தது பார்க்கப்படுமேயன்றி, எழுதியதற்காக எவரும் தண்டிக்கப்படுவதில்லை. மாறாக, விரும்பாததை மேலே எழுதினால் அதுவே கிடைத்துவிடும். உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுவதே இங்குச் சிறந்த உத்தி.

கல்லூரிச் சேர்க்கையைக் கணித முறையில் முதன்முதல் ஆராய்ந்தவர்கள் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்னும் இருவர். 1962ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களது கட்டுரை, மாணவர் விருப்பத்தையும் கல்லூரி விருப்பத்தையும் பொருத்தி, பின்னர் எவரும் கலைத்துக்கொள்ள விரும்பாத ஒதுக்கீட்டை அடையும் வழியைக் காட்டியது. இத்துறைப் பணிக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத் என்பாருக்கும் 2012ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு தமிழரின் தேர்வு

அந்த லாயிட் ஷேப்லியின் தந்தையார் ஹார்லோ ஷேப்லி. ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநராக விளங்கியவர். அவர் விடுத்த அழைப்பு ஒன்றை ஏற்காமல் வேறிடம் சென்ற தமிழர் ஒருவர் உண்டு. அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910ஆம் ஆண்டு லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930ஆம் ஆண்டு கேம்பிரிட்சு சென்றவர் அவர். 1936ஆம் ஆண்டு ஹார்வர்டிலிருந்து ஓர் அழைப்பும், சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்கிஸ் வானாய்வகத்திலிருந்து மற்றோர் அழைப்பும் அவருக்கு வந்தன. ஹார்வர்டின் புகழை யாரும் விளக்க வேண்டுவதில்லை. யெர்க்கிஸ் இருந்ததோ விஸ்கான்சின் மாநிலத்து வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூர். சந்திரசேகர் சிற்றூரையே தேர்ந்தார். 1937ஆம் ஆண்டு அங்குச் சேர்ந்தார்.

சேர்ந்த இடத்தில் எல்லாம் இனிதாக அமைந்துவிடவில்லை. அவரது நிறத்தைக் காரணங்காட்டி, சிகாகோ வளாகத்தில் அவர் விரிவுரையாற்றுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அவ்வெதிர்ப்பைப் புறந்தள்ளினார். பின்னாளில் பிரின்ஸ்டனிலிருந்தும் அழைப்பு வந்தது. அதனையும் விடுத்து அவர் அங்கேயே நின்றார். 1983ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றபோதும் அவர் சிகாகோப் பேராசிரியரே. 1995ஆம் ஆண்டு மறையும் வரை அப்பல்கலைக்கழகமே அவர் இடம். குறையற்ற இடத்தைத் தேடி அவர் அலையவில்லை. தேர்ந்த இடத்தில் தம் பணியை வளர்த்தார்.

வாயிலை அடைத்தல்

ஒன்றை ஏற்றபின் மற்றவற்றை மனத்திலிருந்து அகற்றுவது ஏன் இன்றியமையாதது? இதற்கு உளவியலார் ஒரு சோதனை செய்தனர். டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் ஆகியோர் 2002ஆம் ஆண்டு வெளியிட்டது அது. ஹார்வர்டில் ஒளிப்படக்கலை பயின்ற மாணவர்கள் தாம் எடுத்த படங்களுள் இரண்டினை அச்சிட்டு, ஒன்றை மட்டும் தமக்கென வைத்துக்கொள்ள வேண்டும். சிலரிடம், “இது முடிந்த முடிவு” எனப்பட்டது. சிலரிடம், “சில நாள்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்” எனப்பட்டது. மாற்ற இயலாதவர்களே தம் படத்தை மிகுதியும் விரும்பினர். மாற்ற வாய்ப்புப் பெற்றவர்கள் அத்துணை நிறைவடையவில்லை.

திறந்திருக்கும் வாயில் உரிமை போலத் தோன்றும். ஆயின் அது மனத்தை இருக்குமிடத்தில் தங்கவிடாது. “அங்கே சேர்ந்திருந்தால்” என்னும் நினைவோடு வகுப்பில் அமர்பவர் இரு கல்லூரிகளிலும் பயிலாதவர் ஆகிறார். இஸ்லாமியர் இல்லங்களில் அறிந்தோரைக் கலந்தாலோசித்து, இஸ்திகாரா என்னும் இரண்டு ரக்அத் தொழுகையும் தொழுது முடிவு கொள்ளும் வழக்கம் உண்டு. ஆராய்ச்சியைக் கைவிடுவது அதன் நோக்கமன்று. ஆராய்ந்து முடித்த நெஞ்சை அலையவிடாமல் நிறுத்துவதே அதன் பயன்.

வாயிலை அடைக்குமுன் சட்டத்தையும் அறிந்துகொள்வது நலம். பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். செயல்முறைச் செலவாக ஒரு சிறு தொகையை மட்டும் கழிக்கலாம். 15 நாளுக்குக் குறைவான கால அளவில், ஆயின் இறுதி நாளுக்கு முன்பே, விலகினால் 90 விழுக்காடு. இறுதி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் 80 விழுக்காடு. 30 நாளுக்குள் 50 விழுக்காடு. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைத்தலும் கூடாது. பின்வந்த சில ஆண்டுகளில் இறுதி நாள்களைக் குறித்துத் தனி அறிவிப்புகளும் வெளிவந்துள்ளன. ஆதலால் சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே செயற்படுக. நாள் கடந்த தடுமாற்றத்தின் விலையைக் கொடுப்பவர் தந்தையார் என்பதை மறத்தலாகாது.

மாற்றம் எப்போது முறையாகும்?

உறுதி என்பது விலங்கு பூட்டிக்கொள்வதன்று. டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் 1950ஆம் ஆண்டு சேர்ந்தார்; 1954ஆம் ஆண்டு இயற்பியற் பட்டம் பெற்றார். தமக்குரிய துறை பொறியியலே என்பதனைப் பட்டம் பெற்ற பின்னரே உணர்ந்தார்.  பின்னர் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றார். சேர்க்கைப் பணத்துக்காக அவருடைய தமக்கையார் சோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார் என்பதை அவர் தம் வரலாற்று நூலில் நன்றியோடு பதிவு செய்துள்ளார். இயற்பியல் பயின்ற ஆண்டுகள் வீணாயின என்று சொல்ல எவருக்கும் நாவெழாது.

உடல்நலம் கெடுதல், குடும்பம் நிலைகுலைதல், பாடம் அறவே ஒவ்வாமை ஆகியவை மாற்றத்துக்குத் தக்க காரணங்கள். தோழன் வேறிடத்தில் இருக்கிறான் என்பதும், முதல் திங்களில் தனிமை வாட்டுகிறது என்பதும் தக்க காரணங்கள் ஆகா. ஒரு பருவம் முழுமையாக உழைத்துப் பார்த்தபின் எழும் ஐயமே ஆராயத்தக்க ஐயம்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

நம் ஊர்ப்புறங்களில் பிள்ளைகளின் கல்லூரியைப் பெரியோரே முடிவு செய்வது வழக்கம். பட்டறிவு அவர்களிடம் உண்டு, அது வேண்டும். ஆயினும் அந்தத் தாளில் நான்கு கோடுகள் இழுப்பவர் மாணவராகவே இருக்கட்டும். தாமே தேர்ந்ததைக் காப்பாற்ற மனிதர் முயல்வர். பிறர் திணித்ததில் குறை காண்பது எளிது.

பெண்மக்கள் செய்தியில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. மகனுக்குத் தொலைவு ஒரு கணக்கு. மகளுக்கோ அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. பாதுகாப்புப் பற்றிய கவலை நேர்மையானது. அக்கவலைக்கு விடை விடுதியை நேரிற்சென்று பார்ப்பதும், பேருந்து நேரத்தை விசாரிப்பதும், அவ்வூரில் அறிந்த குடும்பம் உண்டா எனக் கேட்பதுமேயன்றி, வந்த இடத்தை வாளாவிடுவதன்று. எல்லாம் பார்த்தபின் பக்கத்துக் கல்லூரியே தக்கது என்று முடிவானால் அதுவும் நல்ல முடிவே. பார்க்காமல் மறுப்பதுதான் இழப்பு.

சேர்ந்த முதற்பருவம்

மாணவ நண்பர்களே! தேர்ந்த கல்லூரியை உங்கள் கல்லூரியாக ஆக்குவது நீங்கள் செய்யும் சிறு சிறு செயல்களே. முதல் வாரத்திலேயே நூலகத்தில் உறுப்பினராகுங்கள். ஓர் ஆசிரியரிடமேனும் பாடத்துக்கு அப்பாற்பட்ட ஓர் ஐயத்தைக் கேளுங்கள். தமிழ்மன்றமோ நாட்டு நலப்பணித் திட்டமோ ஏதேனும் ஒன்றில் பெயர் கொடுங்கள். ஊரை விட்டு வந்தவரானால் தொடக்கத்தில் வாரந்தோறும் வீட்டுக்கு ஓடாமல் சில வாரம் விடுதியில் தங்கிப் பாருங்கள். வேறு கல்லூரியில் சேர்ந்த நண்பரிடம் ஒப்பிட்டு வருந்துவதற்குப் பேசாமல், அவர் பயிலும் நூல் எது என்று கேட்டு அறிவதற்குப் பேசுங்கள்.

பல வாயில்கள் திறந்திருப்பது பேறு. அவற்றுள் ஒன்றினுள் நுழைந்து நடப்பதே கல்வி. வாணியாற்று நீர் அணையில் தேங்கி நிற்கும்போது எந்தக் கால்வாய்க்கும் செல்லலாம். ஒரு கால்வாயில் இறங்கியபின்னரே அது ஒரு வயலை விளைவிக்கும்.